நூற்றைம்பது கிராம் பயறு

குழாய்க்காரரின் பையில் ஸ்பேனர் இருக்கும், சின்ன ரம்பம் இருக்கும், காதில் செருகிக்கொள்ளப் பென்சில்கூட இருக்கும். அளவு நாடா மட்டும் இருக்காது. சுவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார். குழாயைத் தொடையில் வைத்து அறுப்பார். அது போய் அந்த இடத்தில் அலுங்காமல் உட்கார்ந்துகொள்ளும். "கண் பார்த்தா கை செய்யணும், நடுவுல நாடா எதுக்கு?" என்பார். இத்தனை வருடத் தொழிலில் அவர் அறுத்த குழாய் நீளம் குறைந்துபோனதே இல்லை என்று சொன்னால் பொய். குறைந்துபோனதும் உண்டு. யாரும் பார்ப்பதற்குள் அதைப் பைக்குள் தள்ளிவிடும் சாமர்த்தியமும் உண்டு.

அப்படிப்பட்டவருக்குக் கழுத்தில் நாடாவோடு நடமாடும் ஒருத்தி மனைவியாக வாய்த்தாள். திரைச்சீலைக் கடையில் துணி வெட்டுவது அவள் வேலை. அந்தக் கடையின் மேல்தளத்தில் குழாய் ஒழுகி, வெட்டி வைத்த துணியெல்லாம் நனைந்த அன்றுதான் இருவரும் முதன்முதலில் பார்த்துக்கொண்டார்கள். ஏணி மேல் நின்று அவர், "ஒரு முழத் துண்டு போதும்" என்று கீழே பார்த்துச் சொல்ல, "யாரு முழம்? உங்க முழமா, என் முழமா?" என்று கீழேயிருந்து கேட்டாள் அவள். கல்யாணமான பிறகு அவர் அவளை டேப்பம்மா என்று கூப்பிட்டார். அவள் அவரை எதிரில் "என்னங்க" என்றும், அவர் இல்லாத இடத்தில் "எங்க வீட்டுக் கண்ணளவு" என்றும் சொன்னாள். பிள்ளை இல்லை. இரண்டாம் மாடியில் இரண்டு அறை. குனிந்து நிமிர்ந்தால் சுவரில் இடிக்கிற ஒரு சமையலறை.

டேப்பம்மாவுக்குப் பதினாலு வயதிலிருந்தே சர்க்கரை நோய். மாத்திரையில் அடங்குகிற வகையல்ல. வேளைக்கு வேளை இன்சுலின் போட்டால்தான் உடம்பு ஓடும். பேனா மாதிரி ஒரு ஊசி. அடியில் இருக்கும் திருகைத் திருப்பினால் ஒவ்வொரு அளவுக்கும் 'டிக்' என்று ஒரு சத்தம். எவ்வளவு சாப்பிடப் போகிறாளோ அதற்குத் தக்கபடி எண்ணித் திருப்ப வேண்டும். சாப்பாடு கூடி மருந்து குறைந்தால் சர்க்கரை ஏறும். அது மெல்லக் கொல்லும். மருந்து கூடிச் சாப்பாடு குறைந்தால் சர்க்கரை இறங்கும். அது மணிக்கணக்கில்கூடக் காத்திராது. அதனால் அவள் சமையல் மேடையில் உப்பு டப்பா இல்லாமல் போனாலும் போகும், தராசு இல்லாமல் இருக்காது. வாரத்தில் பாதி நாள் ராஜ்மா என்கிற பெரிய சிவப்புப் பயறுதான் மதியச் சாப்பாடு. எவர்சில்வர் டம்ளரில் தலைதட்டி ஒரு டம்ளர் என்றால் நூற்றைம்பது கிராம். அதை ஊறவைத்து, வேகவைத்து, தக்காளி வெங்காயம் சேர்த்து, இருவருக்கும் சரிபாதி. அவள் பாதிக்கு இத்தனை 'டிக்' என்று மனப்பாடம். குழாய்க்காரர் இதையெல்லாம் வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். பார்ப்பதும் கவனிப்பதும் ஒன்றா என்ன?

நாற்பத்தாறாவது வயதில் அவளுடைய கண்ணை அந்த நோய் தொட்டது. இடது கண் ஏற்கெனவே மங்கிப்போயிருந்தது. வெளிச்சமும் ஆள் உருவமும் மட்டும் தெரியும். ஒருநாள் கத்தரியைப் பிடித்தபடி நின்றவளுக்கு வலது கண்ணில் கறுப்பு மை கொட்டியது போலாயிற்று. உள்ளே ரத்தம் கசிந்து, கண்ணின் பின்திரை பிய்ந்துகொண்டு வருகிறது என்றார் கண் டாக்டர். அறுவை சிகிச்சை செய்து, கண்ணுக்குள் ஒரு வாயுவை நிரப்பிக் கட்டுப் போட்டு அனுப்பினார். அனுப்பும்போது குழாய்க்காரரைத் தனியாக நிறுத்திச் சொன்னார்.

"ஒரு வாரம் இவங்க முகம் தரையைப் பாத்தே இருக்கணும். படுத்தாலும் குப்புற, உக்காந்தாலும் குனிஞ்சு. அந்த வாயு மேல மிதந்து திரையை அழுத்திப் பிடிக்கணும். மல்லாந்து படுத்தாங்கன்னா அது இடம் மாறிடும். அப்புறம் எங்கிட்ட வந்து பிரயோஜனமில்ல."

"மிதக்கிறது எனக்குப் புரியும் டாக்டர்" என்றார் குழாய்க்காரர். அவர் தொழில் அது.

வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் கட்டிலின் ஓரத்தில் தலையணைகளை வளைத்து, முகம் விளிம்புக்கு வெளியே நீள நடுவில் இடம் விட்டு, அவளைக் குப்புறப் படுக்க வைத்தார். கட்டில் பக்கத்து ஸ்டூலில் தண்ணீர், இன்சுலின் பேனா, சர்க்கரை இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ளும் குளுக்கோஸ் வில்லைகள் இருந்த சின்னப் புட்டி எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார். அவளுக்கு மயக்க மருந்தின் அசதி இன்னும் போகவில்லை. தலையணைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"நாளைக்குப் பயறு செஞ்சிடுங்க. நூத்தம்பது கிராம் எடை போட்டு ஊறவைங்க."

"சரி."

"கண்ணளவு வேண்டாம். எடை."

"சரின்னு சொன்னேன்ல."

சொல்லிவிட்டுப் போனவர், துணி மடித்தார், பாத்திரம் கழுவினார், மருந்துச் சீட்டைப் பார்த்துக் கண்ணில் விடும் சொட்டு மருந்துகளுக்கு நேரம் பிரித்தார். கடைசியில் பயறு ஞாபகம் வந்தபோது உடம்பு கெஞ்சியது. ஜாடியைச் சாய்த்து ஒரு கிண்ணத்தில் இரண்டு கை கொட்டி, தண்ணீர் ஊற்றி மூடினார். எடை காலையில் போட்டுக்கொள்ளலாம், எங்கே ஓடிவிடப் போகிறது என்று நினைத்தார்.

மறுநாள் சமையலுக்கு நின்றபோது அந்த ஞாபகம் தப்பவில்லை. தண்ணீரை வடித்துவிட்டு, ஊறிய பயறை அவளுடைய டம்ளரிலேயே தலைதட்டி எடுத்தார். டம்ளரின் கனத்தைக் கழிக்கும் பொத்தானை அவள் அழுத்துவது போலவே அழுத்தித் தராசில் வைத்தார். நூற்று முப்பதுக்குச் சற்றுக் கீழே காட்டியது. நூற்றைம்பது வந்திருக்க வேண்டுமே? டம்ளரைத் தட்டிப் பார்த்தார், தராசை நகர்த்திப் பார்த்தார். அதே எண்.

உள்ளே போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால், "ஒரு டம்ளர் பயறு அளக்கத் தெரியலையா?" என்று தலையணைக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வரும். எதற்கு வம்பு? டம்ளருக்கு மேல் கோபுரமாக இன்னும் கொஞ்சம் குவித்தார். எண் ஏறி, நூற்றைம்பதில் நின்றது. ஒரு கிராம் கூடவுமில்லை, குறையவுமில்லை. மிச்சத்தை மூடிக் குளிர்பெட்டியில் வைத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக எடை போட்டு ஒரு வேலை செய்த திருப்தியோடு குக்கரை மூடினார்.

மதியம் அவளைக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்து, மடியில் ஒரு தலையணை போட்டு, குனிந்த முகத்துக்கு நேர்கீழே கிண்ணம் வைக்கும்படி ஸ்டூலை இழுத்தார். அவள் பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"எடை போட்டீங்களா?"

"போட்டேன்."

"எவ்ளோ?"

"நூத்தம்பது. ஒரு மணி அதிகமில்ல."

"பாதி எனக்கா?"

"பாதி உனக்கு. பாதி எனக்கு. பாகப்பிரிவினை முடிஞ்சுது, ஊசியப் போடு."

அவள் எண்ணித் திருப்பினாள். கண் தெரியாவிட்டாலும் காது கேட்கும். டிக், டிக் என்று அவள் உதடு அசைவதை அவர் பார்த்தார். வயிற்றில் குத்திக்கொண்டு, கரண்டியைப் பிடித்தாள். நாலைந்து வாய் ஆனதும் கிண்ணத்துக்குள் கரண்டியால் துழாவினாள்.

"என்னங்க, பயறு கம்மியா இருக்கு. சாறுதான் நிறைய இருக்கு."

"தக்காளி பெருசு. அதான்."

"நிஜமா நூத்தம்பதா?"

குழாய்க்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "தராசு உன்னுது, டம்ளர் உன்னுது, எண்ணும் உன்னுது. இதுக்கு மேல நான் என்ன சத்தியமா பண்ணணும்? கண்ணளவுல போட்டாலும் குத்தம், எடை போட்டாலும் குத்தம்."

 கிண்ணத்தைக் காலி செய்தாள். மயக்க மருந்துக்குப் பிறகு நாக்கில் ருசியும் இல்லை, வயிற்றில் நிதானமும் இல்லை. தன் கணக்குத்தான் தடுமாறுகிறது என்று நினைத்துக்கொண்டாள். அவர் அவளை மறுபடி குப்புறப் படுக்க வைத்தார். பாத்திரத்தை எடுக்க வசதியாக ஸ்டூலைக் கொஞ்சம் அந்தப்பக்கம் தள்ளினார்.

கை கழுவிக்கொண்டிருக்கும்போது கீழ் வீட்டம்மா படியிலிருந்தே கூப்பிட்டாள். கதவைத் திறந்தால் அவளுடைய புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது.

"சமையக்கட்டுக் குழாய் பிடுங்கிட்டு வந்துடுச்சு. வீடு முழுக்கத் தண்ணி. மெயின் வால்வு சுத்திக்கிட்டே இருக்கு, மூடல."

குழாய்க்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். "கால் மணி நேரம். கீழதான் இருக்கேன், உன் போன் பக்கத்துல இருக்கு."

"போங்க" என்றாள் தலையணைக்குள்ளிருந்து. குரல் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது. அதைக் கிண்ணத்தின் மனத்தாங்கல் என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

கீழே போனால் வால்வின் உட்புறம் மொத்தமாகத் தேய்ந்திருந்தது. அடைக்க வழியில்லை. சுவரிலிருந்து வந்த முனையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, கீழ் வீட்டம்மாவைப் பைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தரச் சொன்னார். அவர் கேட்டதைத் தவிர மற்றதெல்லாம் அவள் எடுத்துக் கொடுத்தாள். மேல்சட்டையெல்லாம் நனைந்தது. சட்டைப் பையில் இருந்த போன் ஒருமுறை அதிர்ந்தது. யாரோ வாடிக்கைக்காரர், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். கால் மணி அரை மணியானது, அரை மணி தாண்டிப் போனது.

மேலே 'டங்' என்று ஒரு சத்தம்.

அவர் கூரையைப் பார்த்தார். நேர்மேலே அவர்களுடைய படுக்கையறை. தண்ணீர்ச் செம்பு விழுந்திருக்கும். கையெடுத்தால் இவ்வளவு நேரம் பட்ட பாடு வீண். காது கொடுத்துக் கேட்டார். செம்பு விழுந்தால் அடுத்து ஒரு சலிப்புக் குரல் வர வேண்டும். டேப்பம்மா எதையும் பேசாமல் விழவிடுகிறவள் இல்லை. குரல் வரவில்லை. எதையோ தரையில் தேய்ப்பது போல ஒரு சத்தம் வந்தது, பிறகு அதுவும் நின்றது.

"இங்க விரல வைங்க" என்றார்.

"நானா?"

"வைங்கம்மா."

அவள் விரலை வைத்தாளா, தண்ணீர் பீறிட்டதா என்று அவர் பார்க்கவில்லை. படி ஏறினார்.

ஸ்டூல் கவிழ்ந்து கிடந்தது. டேப்பம்மா தரையில், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒருக்களித்துக் கிடந்தாள். முகம் பாதி மேலே திரும்பியிருந்தது. கை கட்டிலுக்கு அடியில் எதையோ தேடுவது போல அசைந்துகொண்டிருந்தது. அவர் தொட்டபோது உடம்பு முழுவதும் தண்ணீரில் முக்கி எடுத்தது போல வேர்த்து, ஜில்லிட்டிருந்தது.

"ஏய், என்னம்மா?"

"எட்டடி" என்றாள். "எட்டடின்னு சொன்னாங்க. இது குறையுது."

"என்னது குறையுது?"

"துணி குறையுதுங்க. கடைய மூடிடாதீங்க."

நாக்கு தடித்திருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குச் சர்க்கரை இறங்கி எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். கொஞ்சம் கை நடுங்கும், உடனே ஒரு வில்லையை வாயில் போட்டுக்கொண்டு, "பேசாம இருங்க, அஞ்சு நிமிஷம்" என்பாள். எப்போதும் அவளே பார்த்துக்கொண்டாள். அவளால் பார்த்துக்கொள்ள முடியாத ஒரு நிலை வரும் என்று அவர் நினைத்ததேயில்லை. கட்டிலுக்கு அடியில் எட்டாத தூரத்தில் வில்லைப் புட்டி உருண்டு கிடந்தது.

முதலில் அவர் செய்தது, அவள் முகத்தைப் பிடித்துத் தரைப்பக்கம் திருப்பியது. பிறகு புட்டியை எடுத்து ஒரு வில்லையை அவள் வாயில் வைத்தார். அவள் துப்பினாள். இன்னொன்று வைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"வேண்டாம், ஏறிடும்" என்றாள் கோபமாக. முப்பது வருடமாகச் சர்க்கரை ஏறக் கூடாது என்று காவல் காத்த மூளை, தடுமாறும்போதும் அந்த ஒன்றை மட்டும் விடவில்லை.

அவர் சமையலறைக்கு ஓடி, டம்ளரில் சர்க்கரையைக் கொட்டித் தண்ணீர் ஊற்றிக் கலக்கினார். அவசரத்தில் பாதி மேடையில் சிந்தியது. அவசர உதவிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தித் தரையில் வைத்தார். எடுத்தது ஒரு பெண்ணின் குரல். நிதானமாகக் கேட்டாள்.

"பேசுறாங்களா?"

"உளர்றா."

"முழுங்க முடியுதா? இருமாம முழுங்குறாங்களா?"

"தெரியல. பல்லக் கடிக்கிறா."

"படுக்க வெச்சு ஊத்தாதீங்க. மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். நிமிர்ந்து உக்கார வைங்க. கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. வண்டி கிளம்பிடுச்சு."

"நிமித்தக் கூடாது. கண் ஆபரேஷன் பண்ணியிருக்கு. தலை குனிஞ்சே இருக்கணும்."

"சார், இப்ப உயிர் முக்கியம்" என்றாள்.

அவருக்கு அது தெரியாமலில்லை. ஆனால் அந்த ஒரு கண்ணை விட்டால் அவளுக்கு வேறு கண் இல்லை. பின்னாளில் அவர் இதைச் சொல்லும்போதெல்லாம் இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துவார். யோசித்ததாக ஞாபகமில்லை என்பார். கை தானாகச் செய்தது.

தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, அவளைத் தூக்கித் தன்மேல் சாய்த்துக்கொண்டார். அவள் நெற்றி அவருடைய தோளில் முட்டி நிற்க, முகம் அவர் மார்பின் வழியாகத் தரையைப் பார்த்தது. உடம்பு நிமிர்ந்திருந்தது, தலை குனிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த உறிஞ்சுகுழலை டம்ளரில் போட்டு, கீழேயிருந்து அவள் உதட்டுக்குக் கொண்டுபோனார்.

"உறிஞ்சும்மா."

"கடைய மூடிட்டாங்களா?"

"மூடல. ஒரு வாய் உறிஞ்சு. மூடாம நான் பாத்துக்கிறேன்."

"எட்டடி வேணும்."

"எட்டடியே வெட்டிக்கலாம். உறிஞ்சு."

உறிஞ்சினாள். பாதி அவர் சட்டையில் வழிந்தது. மறுபடி குழலை வைத்தார். இந்த முறை தொண்டை அசைந்ததை அவர் தோளில் உணர்ந்தார். இருமல் வரவில்லை. இன்னொரு வாய். இடையில் அவள் தலை பின்னால் சரியப் பார்த்தது. பிடரியைப் பிடித்து முன்னால் அழுத்திக்கொண்டார். கீழே தண்ணீர் கொட்டும் சத்தமும், "யாராவது வாங்களேன்" என்று கீழ் வீட்டம்மா கூப்பிடுவதும் கேட்டன. போனில் அந்தப் பெண், "குடிக்கிறாங்களா சார்? நிறுத்தாதீங்க, பேசிக்கிட்டே இருங்க" என்றாள். அவர் பேசிக்கொண்டே இருந்தார். என்ன பேசினார் என்று அவருக்கே தெரியாது. டம்ளர் காலியாகும்போது அவளுடைய விரல்கள் அவர் சட்டையைப் பிடித்தன.

"ஏன் ஈரமா இருக்கீங்க?" என்றாள்.

வெகு சாதாரணமான கேள்வி. அதைக் கேட்டதும்தான் குழாய்க்காரருக்கு அழுகை வந்தது.

வண்டியில் வந்தவர்கள் விரலில் குத்திப் பார்த்தபோது, சர்க்கரை ஏறத் தொடங்கியிருந்தும் இன்னும் குறைவாகவே இருந்தது. ஊசியின் வேகம் அடங்கும்வரை கூடவே இருந்து, ரொட்டி சாப்பிட வைத்து, திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். பிறகு அப்படியே கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டார்கள். போகும் வழியெல்லாம் அவள் முகம் அவர் மடியில் கவிழ்ந்திருந்தது. கண் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். எவ்வளவு நேரம் முகம் மேலே இருந்தது என்று கேட்டார். குழாய்க்காரருக்குச் சொல்லத் தெரியவில்லை.

"இப்போதைக்குத் திரை ஒட்டியிருக்கிற மாதிரிதான் தெரியுது. ஓரத்துல ஒரு இடம் சந்தேகம். வாரம் போகட்டும், பாப்போம்" என்றார் டாக்டர். அந்த 'பாப்போம்' அவர்களோடு வீட்டுக்கு வந்து, அந்த வாரம் முழுவதும் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

வீடு திரும்பியதும் அவள் குப்புறப் படுத்தபடியே கேட்டாள்.

"உங்களுக்குப் போன் போட்டேன். எடுக்கல."

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது யாருடைய அழைப்புக்கு என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. 

"சரி விடுங்க. பயற எப்ப எடை போட்டீங்க?"

"காலையில."

"காலையிலயா? அப்ப ராத்திரி ஊறவெச்சது?"

"அது சும்மா கொட்டி ஊறவெச்சேன். காலையில அதுலேர்ந்து நூத்தம்பது எடுத்தேன்."

தலையணைக்குள் எண்களை முணுமுணுக்கும் சத்தம் கேட்டு, நின்றது. அவளுக்குக் கணக்கு முடிந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது; தன்னுடையது இன்னும் தொடங்கவில்லை என்பதும் புரிந்தது.

"ஊறின பயறுல பாதிக்கு மேல தண்ணிங்க" என்றாள் கடைசியில். "காஞ்ச பயறு நூத்தம்பதுன்னா, ஊறினா முந்நூறத் தாண்டும். நீங்க போட்டது காஞ்ச கணக்குல எழுபதுதான் இருக்கும். நான் நூத்தம்பது கணக்குல ஊசி போட்டுட்டேன்."

"டம்ளர்ல தலைதட்டி வெச்சப்ப நூத்தி முப்பதுகூட வரல" என்றார் அவர். சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. "கேக்கலாம்னு நினைச்சேன். சிரிப்பியோன்னு கேக்கல."

அவள் கட்டிலுக்கு வெளியே கையை நீட்டித் துழாவினாள். அவர் கையைக் கொடுத்தார். "சிரிச்சிருப்பேன்" என்றாள். "சிரிச்சுட்டு ஊசியக் குறைச்சிருப்பேன். கம்மியா இருக்குன்னு என் வாய்க்கே தெரிஞ்சுது. காஞ்சதா ஊறினதான்னு ஒரு வார்த்தை நானும் கேட்டிருக்கணும்."

மறுநாள் குழாய்க்காரர் வேலைக்குப் போகவில்லை. அவளுடைய டம்ளரில் காய்ந்த பயறைத் தலைதட்டி எடுத்துத் தராசில் வைத்தார். நூற்றைம்பது. அதை ஊறவைத்து, மறுநாள் வடித்து மறுபடி வைத்தார். முந்நூற்றுப் பத்தை ஒட்டி நின்றது. டம்ளரால் அளந்தால் இரண்டு டம்ளர் நிரம்பி மூன்றாவதில் கால்பங்குக்கு மேல் வந்தது. வேகவைத்து எடுத்தால் இரண்டரை. ஒரு டம்ளர் காய்ந்ததும் ஒரு டம்ளர் ஊறியதும் ஏன் ஒரே எடை இல்லை என்று வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊறிய பயறு தண்ணீர் குடித்துப் பருத்து, ஒன்றோடொன்று நெருங்கி உட்கார முடியாமல் நடுவில் சந்து விட்டிருந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு கிலோ. அந்த ஒரு வாய்ப்பாட்டை வைத்தே பிழைப்பை ஓட்டியவர் அவர். தண்ணீர் எந்தப் பாத்திரத்திலும் சொன்னபடி கேட்கும். பயறு கேட்காது. சின்ன வெள்ளைப் பயறை அதே டம்ளரில் எடுத்தால் எடை வேறு. கறுப்பு வேறு. ஒவ்வொன்றாக உள்ளே வந்து சொன்னார். அவள் தரையைப் பார்த்தபடி கேட்டு, "ஆங்", "சரி", "அது கொஞ்சம் பழசு, சரியா ஊறல, இன்னொரு தடவ பாருங்க" என்றாள். வீட்டில் இருந்த பயறெல்லாம் வெந்து முடிந்தது. கீழ் வீட்டம்மாவுக்கு மூன்று வேளைக்குப் போனது. பிறகு வந்து குழாயை முடித்துக் கொடுத்தவரிடம், அன்று விரல் வைத்து நின்றதற்குத் தண்டனையா இது என்று அவள் கேட்டாள்.

அதற்குப் பிறகு சாப்பாட்டு வேளைகளில் அவர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். அவள் கேட்பதற்கு முன்பே, "காஞ்சது நூத்தம்பது, இப்ப வெந்து இவ்ளோ, உன் கிண்ணத்துல இவ்ளோ" என்று மூன்றையும் சொல்வார். அவள் ஊசி போட்டு, சாப்பிட்டுப் படுத்த பிறகு அந்த அறையை விட்டு நகர மாட்டார். யார் கதவைத் தட்டினாலும், "வர முடியாது" என்பார். கட்டில் விளிம்புக்குக் கீழே தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, குப்புறக் கிடக்கும் அவள் முகத்தைத் தலையணைகளின் நடுவிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். வேர்க்கிறதா, உதடு வெளிறுகிறதா என்று பார்ப்பார். "இப்படி முறைச்சுப் பாத்தா எனக்கு எப்படித் தூக்கம் வரும்?" என்பாள் அவள். கண்ணில் கட்டு இருந்தும் அது அவளுக்குத் தெரிந்தது.

வாரம் முடிந்து டாக்டர் கட்டைப் பிரித்தபோது திரை ஒட்டியிருந்தது. சந்தேகப்பட்ட ஓரமும் பிடித்துக்கொண்டது. தலையை நிமிர்த்தலாம் என்றார். ஆனால் பார்வை உடனே வரவில்லை. கண்ணுக்குள் இருந்த வாயு கரையக் கரையத்தான் தெளியும் என்றார். முதலில் மேல் ஓரத்தில் மட்டும் ஒரு கீற்றுத் தெளிந்தது. அதற்குக் கீழே ஒரு கோடு; கோட்டுக்குக் கீழே எல்லாம் ஆடும் கலங்கல்.

"தொட்டியில தண்ணி மட்டம் தெரியுமே, அந்த மாதிரி இருக்கு" என்றாள் அவள்.

குழாய்க்காரருக்கு அது போதும். தினமும் காலையில் எழுந்ததும், "மட்டம் எங்க இருக்கு?" என்று கேட்பார். அவள் அவருடைய முகத்தை வைத்தே சொல்வாள். ஒருநாள் அவருடைய நெற்றிவரை தெளிந்தது. இன்னொரு நாள் புருவம். மூக்கு வருவதற்குச் சில நாட்கள் பிடித்தன. கோடு இறங்கி இறங்கி, வட்டமாகச் சுருங்கி, கடைசியில் ஒரு மிளகு அளவு குமிழியாக அடியில் ஆடிக்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு காலை அதுவும் இல்லை. அவள் ஜன்னல் பக்கம் அவரைத் திருப்பி நிறுத்தி, வெகுநேரம் பார்த்தாள்.

"என்ன தெரியுது?" என்றார் அவர், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"இளைச்சுப் போயிட்டீங்க" என்றாள். "பயறுல உங்க பாதியையும் எனக்கே போட்டீங்களா?"

"இல்லம்மா, சரிபாதிதான்" என்றார் அவர். அவள் நம்பாமல், அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.